உயிரியல் கிரேடு கால்குலேட்டர்: ஒரே மார்க்குக்கு மூணு விடை, எதை நம்புவது?

#1 பச்சையம்

வணக்கம். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் பயாலஜி, பாடக் குறியீடு 9700. பழைய வினாத்தாள்களை எழுதித் திருத்தியதில் வந்த மார்க்குகள்:

தாள் 1: 40-க்கு 30
தாள் 2: 60-க்கு 38
தாள் 3: 40-க்கு 33
தாள் 4: 100-க்கு 58
தாள் 5: 30-க்கு 19

இதையே மூணு ஆன்லைன் கால்குலேட்டரில் போட்டால் முதல் தளம் 68.4 சதவீதம், கிரேடு ஏ என்கிறது. இரண்டாவது 65.9, கிரேடு பி. மூணாவது 65.3, கிரேடு சி. கிரேடு மாறுவது இருக்கட்டும், சதவீதமே ஏன் மாறுகிறது? எது சரியான கணக்கு?

#2 கணக்குப்பிள்ளை

மூணு தளமும் மூணு விதமாகக் கூட்டியிருக்கின்றன. விடையை வைத்தே பின்னோக்கிப் போய்க் கண்டுபிடித்துவிடலாம்.

முதல் தளம் ஒவ்வொரு தாளின் சதவீதத்தையும் எடுத்துச் சராசரி போட்டிருக்கிறது. 75, 63.3, 82.5, 58, 63.3. கூட்டி ஐந்தால் வகுத்தால் 68.4. இது அடிப்படையிலேயே தப்பு. 30 மார்க் தாளும் 100 மார்க் தாளும் ஒரே எடையில் நிற்கின்றன. உங்கள் செய்முறைத் தாள் (தாள் 3) நன்றாக இருப்பதால் மொத்தம் ஊதிப் போயிருக்கிறது.

இரண்டாவது தளம் எல்லா மார்க்கையும் அப்படியே கூட்டி 270-ஆல் வகுத்திருக்கிறது. 178-ஐ 270-ஆல் வகுத்தால் 65.9. கிட்டத்தட்ட சரி, ஆனால் முழுச் சரி இல்லை.

மூணாவதுதான் வெயிட்டேஜ் (மொத்தத்தில் ஒவ்வொரு தாளின் பங்கு) சரியாகப் போட்ட தளம். 9700-இல் ஏ லெவல் வெயிட்டேஜ் இப்படி: தாள் 1-க்கு 15.5 சதவீதம், தாள் 2-க்கு 23, தாள் 3-க்கு 11.5, தாள் 4-க்கு 38.5, தாள் 5-க்கு 11.5. தாள் 3-ஐயும் தாள் 5-ஐயும் பாருங்கள். ஒன்று 40 மார்க், மற்றது 30 மார்க், ஆனால் எடை ஒன்றே. அதனால் தாள் 3-இன் மார்க்கை 0.75-ஆல் பெருக்கி 30-க்குக் கொண்டுவர வேண்டும். மற்ற நான்கும் அப்படியே. மொத்தம் 260.

உங்களுக்கு: 30 + 38 + 24.75 + 58 + 19 = 169.75. அதாவது 260-க்கு 170.

வேடிக்கை என்னவென்றால், கூட்டலைச் சரியாகச் செய்த அந்த மூணாவது தளம்தான் கிரேடில் மோசமாகச் சறுக்கியிருக்கிறது. 60 முதல் 69 வரை சி என்று நிலையான பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு 65.3-ஐ அதில் போட்டுவிட்டது. கேம்பிரிட்ஜில் தாள் மார்க்குக்கு அப்படி நிலையான பட்டியல் கிடையாது. ஒவ்வொரு தேர்வுத் தொடருக்கும் எல்லை மார்க் (ஒரு கிரேடுக்குத் தேவையான குறைந்தபட்ச மார்க்) தனி.

#3 விடைத்தாள்

மேலே சொன்னது சரி. எல்லை மார்க்கை எங்கே எடுப்பது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன், நிறைய பேர் தடுக்கி விழுவது அங்கேதான்.

முடிவு வெளியாகும்போது கேம்பிரிட்ஜ் அந்தத் தொடருக்கான கிரேடு த்ரெஷோல்ட் (கிரேடு எல்லை) பட்டியலை வெளியிடுகிறது. ஒரே கோப்புக்குள் இரண்டு அட்டவணை இருக்கும். முதலாவதில் ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனி எல்லை. இரண்டாவதில் முழுப் பாடத்துக்கான எல்லை. கிரேடை முடிவு செய்வது இரண்டாவது. அதில் வரிக்கு வரி ஆப்ஷன் குறியீடு இருக்கும், பக்கத்தில் எந்தெந்தத் தாள் சேர்க்கை என்றும் இருக்கும். உதாரணமாக 12, 22, 34, 42, 52. இதில் முதல் இலக்கம் தாள், இரண்டாவது இலக்கம் வேரியண்ட் (அதே தாளின் வெவ்வேறு வினாத்தாள் வடிவம்). நீங்கள் எழுதிய ஐந்தும் எந்த வரியில் ஒன்றாக இருக்கிறதோ அந்த வரிதான் உங்களுக்கு. 41 எழுதியவருக்கும் 42 எழுதியவருக்கும் ஏ எல்லை வேறாக இருக்கலாம்.

தாள் 1, 2 ஒரு தொடரிலும் தாள் 4 வேறு தொடரிலுமாகக் கலந்து எழுதிப் பார்த்திருந்தால், அந்த மொத்தத்துக்கு நேராகப் பொருந்தும் எல்லை எதுவும் இல்லை. ஒரே தொடர், ஒரே வேரியண்ட் வரிசையில் ஐந்தையும் எழுதினால்தான் ஒப்பீட்டுக்கு அர்த்தம். கால்குலேட்டரில் 'தொடர்', 'வேரியண்ட்' என்ற இரண்டு தேர்வுப் பெட்டிகள் இல்லையென்றால் தாவலை மூடிவிடலாம்.

இன்னொன்று: ஏ ஸ்டார் தனித் தாளுக்குக் கிடையாது. முழுப் பாட மொத்தத்தில் மட்டும்தான் உண்டு, ஏஎஸ் நிலையில் (ஏ லெவலின் முதல் பாதி) அதுவும் இல்லை. 'தாள் 4-இல் ஏ ஸ்டார்' என்று ஒரு தளம் காட்டினால் அதைச் செய்தவர் த்ரெஷோல்ட் கோப்பைத் திறந்தே பார்க்கவில்லை.

#4 பச்சையம்

நன்றி. ஆனால் 60-69 சி, 70-79 பி, 80-89 ஏ என்பது மார்க் ஷீட்டிலேயே பார்த்த மாதிரி இருக்கிறதே? அது அப்போது என்ன?

#5 கணக்குப்பிள்ளை

அது பியூஎம். முழுப் பெயர் பர்சன்டேஜ் யூனிஃபார்ம் மார்க். பெயரில் பர்சன்டேஜ் இருப்பதால்தான் இத்தனை குழப்பமும். தாளில் வாங்கிய சதவீதத்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. முதலில் எல்லை மார்க்கை வைத்துக் கிரேடு முடிவாகிறது. அந்தக் கிரேடின் பட்டைக்குள் நீங்கள் எவ்வளவு மேலே இருக்கிறீர்கள் என்பதைப் பிறகு பியூஎம் காட்டுகிறது. 90 முதல் ஏ ஸ்டார், 80 முதல் ஏ, 70 முதல் பி, 60 முதல் சி, 50 முதல் டி, 40 முதல் இ.

கற்பனை எண் வைத்துப் போட்டுக் காட்டுகிறேன் (எந்தத் தொடரின் உண்மை எல்லையும் அல்ல). ஏ எல்லை 175, பி எல்லை 150 என்று வையுங்கள். உங்கள் மொத்தம் 170. பி எல்லையைத் தாண்டி 20 மார்க். பட்டையின் அகலம் 25. 20-ஐ 25-ஆல் வகுத்துப் பத்தால் பெருக்கினால் 8. எழுபதோடு சேர்த்தால் பியூஎம் 78.

ஆக உண்மைச் சதவீதம் 65.3, பியூஎம் 78. மூணாவது தளம் 65.3-ஐயே பியூஎம் என்று எடுத்துக்கொண்டு சி போட்டது. இதன் தலைகீழ்த் தப்பும் உண்டு: மார்க் ஷீட்டில் இருக்கும் 78-ஐ எடுத்து 'தாள் சதவீதம்' பெட்டியில் போட்டு, அடுத்த முறை ஏ ஸ்டார் உறுதி என்று நினைப்பது.

#6 நுண்ணோக்கி

கூட்டல், எல்லை எல்லாம் சரி. ஆனால் கால்குலேட்டருக்குள் போகும் எண்ணே ஆட்டம் காணும்போது அதை 260-க்கு மாற்றி என்ன, 200-க்கு மாற்றி என்ன?

தாள் 1 கொள்குறி. அதில் 30 என்றால் 30. மற்ற நான்கும் சொந்தத் திருத்தம், அதுவும் பயாலஜியில். கணக்குப் பாடத்தில் விடை வந்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். இங்கே 'நான் சொல்ல வந்தது அதுதானே' என்று மார்க் போட்டுக்கொள்ள இடம் அதிகம். மார்க் ஸ்கீமின் (அதிகாரப்பூர்வத் திருத்தக் குறிப்பின்) குறிகளைப் படிக்காமல் திருத்தினால் மார்க் ஏறித்தான் நிற்கும்.

அரைப்புள்ளி ஒரு மார்க் புள்ளியை அடுத்ததிலிருந்து பிரிக்கிறது. சாய்கோடு என்றால் ஒரே புள்ளிக்கு மாற்று விடைகள். சாய்கோட்டுக்கு இருபுறமும் இருப்பதை இரண்டையும் எழுதினாலும் ஒரு மார்க்தான், ஆனால் பலர் இரண்டு போட்டுக்கொள்கிறார்கள். அடிக்கோடிட்ட சொல் இருந்தால் அந்தச் சொல்லே விடையில் இருக்க வேண்டும். ஆர் (ரிஜெக்ட்) என்றால் அது வந்தால் அந்தப் புள்ளி போச்சு. ஐ (இக்னோர்) என்றால் கண்டுகொள்ள வேண்டாம், மார்க்கும் இல்லை, கழிவும் இல்லை. 'மேக்ஸ் 3' என்றால் ஐந்து புள்ளி பொருந்தினாலும் மூன்றுதான்.

பாடத்துக்குள் வந்தால், சவ்வூடுபரவலில் நீர் 'அதிகச் செறிவிலிருந்து' நகர்கிறது என்று எழுதிவிட்டு மார்க் போட்டுக்கொள்வது. வாட்டர் பொடென்ஷியல் என்ற சொல் வராமல் அந்த மார்க் பொதுவாக வராது. என்சைம் வெப்பத்தில் 'செத்துவிடும்' என்று எழுதினாலும் அப்படியே. டிநேச்சர் ஆகிறது, ஆக்டிவ் சைட்டின் வடிவம் மாறுகிறது, சப்ஸ்ட்ரேட் பொருந்தவில்லை: இதில் ஒவ்வொன்றும் தனிப் புள்ளியாக இருக்கக்கூடும். 'விவரி' என்று கேட்ட இடத்தில் காரணம் எழுதினால் அது உண்மையாக இருந்தாலும் மார்க் இல்லை. வரைபடத்தைப் பார்த்து விவரிக்கச் சொன்னால் எண்களை அலகோடு எடுத்துக் காட்ட வேண்டும். 'ஏறியது, பிறகு இறங்கியது' மட்டும் போதாது.

உருப்பெருக்கக் கணக்கில் அலகு. படத்தில் 45 மி.மீ., உருப்பெருக்கம் 1500 என்றால் 45-ஐ முதலில் 45,000 மைக்ரோமீட்டராக்கி வகுக்க வேண்டும். விடை 30 மைக்ரோமீட்டர். 0.03 என்று எழுதி அலகு விட்டவர் முழு மார்க் போட்டுக்கொள்ளக் கூடாது.

தாள் 3 இன்னும் மோசம். அங்கே உங்கள் அளவீடுகள் அந்த ஆய்வகத்தில் மேற்பார்வையாளர் எடுத்த அளவீடுகளோடு ஒப்பிடப்படும். வீட்டில் எழுதிப் பார்த்தவருக்கு அந்த ஒப்பீடே இல்லை. வரைந்த படத்தில் தெளிவான ஒற்றைக் கோடு இருக்கிறதா, நிழல் தீட்டாமல் இருக்கிறதா, அட்டவணைத் தலைப்பில் அலகு இருக்கிறதா என்பதைச் சொந்தக் கண்ணால் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் தெரியும். உங்கள் 33-ஐ நான் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

#7 அரைமார்க்

நுண்ணோக்கி சொல்றது கொஞ்சம் கறார்தான், ஆனா தப்பில்ல. ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண் போடாம ரெண்டு எண் போடுங்க. சந்தேகமான புள்ளி எல்லாத்தையும் விட்டுட்டா எவ்வளவு, எல்லாத்தையும் குடுத்துட்டா எவ்வளவு.

இவரோட மார்க்குக்கே போட்டுப் பாக்கலாம். குறைஞ்சபட்சம்: 30, 34, 29, 51, 16. தாள் 3 மட்டும் 0.75-ஆல பெருக்கி 21.75. மொத்தம் 152.75. அதிகபட்சம்: 30, 40, 34, 60, 20. தாள் 3 இப்போ 25.5. மொத்தம் 175.5. மேலே போற தூரத்தவிட கீழே போற தூரம் அதிகமா வெச்சிருக்கேன், ஏன்னா சொந்தத் திருத்தம் எப்பவும் ஒரு பக்கமாத்தான் சாயும்.

கணக்குப்பிள்ளை சொன்ன கற்பனை எல்லையில இது பி-யோட அடிமட்டத்துல ஆரம்பிச்சு ஏ-வைத் தொட்டு நிக்குது. அதாவது இந்த மார்க்கை வெச்சு 'ஏ-வா பி-யா'ங்கற கேள்விக்கு பதில் சொல்லவே முடியாது. ரெண்டு முனையும் ஒரே கிரேடுக்குள்ள விழுந்தா மட்டும் அந்தக் கிரேடை நம்புங்க. முதல்ல தாள் 4-ஐ வேற ஒருத்தர்கிட்ட குடுத்துத் திருத்துங்க. மொத்த இடைவெளி 23 மார்க்ல 9 அங்கேயே இருக்கு.

#8 நியூக்ளியஸ்

இடையில் நுழைகிறேன். அமெரிக்காவின் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) பயாலஜிக்கும் இதே நிலைதானா? கொள்குறி 60-க்கு 42, எழுத்து வினா 34-க்கு 20. 1 முதல் 5 வரையான கிரேடில் ஒரு தளம் 4 என்கிறது, இன்னொன்று 5 என்கிறது. ஒன்றில் 'கிரிட் இன்' என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் என்ன போடுவது?

#9 விடைத்தாள்

கிரிட் இன் (எண் விடையைக் கட்டத்தில் நிரப்பும் வினா) பெட்டி இருக்கும் தளத்தை விட்டுவிடுங்கள். அது 2013 முதல் 2019 வரை இருந்த அமைப்பு: 63 கொள்குறி, 6 கிரிட் இன், 8 எழுத்து வினா. 2020-க்கான மாற்றத்திலிருந்து 60 கொள்குறி, 6 எழுத்து வினா. இப்போது முதல் இரண்டு நீள வினாவுக்கும் தலா 9 புள்ளி, மீதி நான்குக்கும் தலா 4. மொத்தம் 34. ஒவ்வொரு பகுதிக்கும் 50 சதவீதம். தவறான விடைக்குக் கால் மார்க் கழிக்கும் கால்குலேட்டரும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்தக் கழிவு 2011 தேர்வோடு எடுக்கப்பட்டுவிட்டது.

கணக்கு எளிது. இரண்டு பகுதியும் சம எடை என்பதால் எழுத்துப் பகுதியை 60-க்கு மாற்ற வேண்டும். 60-ஐ 34-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.765. உங்கள் 20-க்கு 35.3. மொத்தம் 120-க்கு 77.3, அதாவது 64.4 சதவீதம். நேராகக் கூட்டி 62-ஐ 94-ஆல் வகுக்கும் தளம் 66 காட்டும்.

ஒரு எழுத்துப் புள்ளி ஒன்றே முக்கால் கொள்குறி வினாவுக்குச் சமம் என்பதையும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஓர் எழுத்து விடையில் விட்ட ஒரு புள்ளியை ஈடுகட்ட இரண்டு கொள்குறி வினா தேவை.

4-ஆ 5-ஆ என்பதற்கு வருவோம். கேம்பிரிட்ஜ் போல இங்கே ஒவ்வொரு ஆண்டின் எல்லையும் பட்டியலாக வெளிவருவதில்லை. தளங்கள் வைத்திருப்பது எப்போதோ வெளியான ஒரு மாதிரித் தேர்வின் எல்லை, அல்லது சொந்த ஊகம். இரண்டு தளமும் 77.3 என்றே கூட்டியிருந்தால் அவற்றுக்குள் சண்டை எல்லையைப் பற்றியது. உங்கள் உழைப்பைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இங்கேயும் அரைமார்க் சொன்ன இரு முனை வழியே உதவும். எழுத்துப் பகுதி 17 என்றால் மொத்தம் 72, 22 என்றால் 80.8.

#10 நுண்ணோக்கி

ஏபி எழுத்து வினாவைத் திருத்தும்போது இரண்டு இடம் கவனிக்கவும். வாக்கியமாக எழுதாமல் குறிப்புப் பட்டியலாக மட்டும் எழுதிய விடைக்கு மார்க் போட்டுக்கொள்ள வேண்டாம். பிழைப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கும் வரைபடத்தைப் பார்த்து 'சிகிச்சை பலன் தந்தது' என்று எழுதிவிட்டு, 'கருத்து சரிதானே' என்று ஒரு புள்ளி போட்டுக்கொள்வது அடுத்தது. பட்டைகள் இரண்டு திட்டப் பிழை அளவில் வரையப்பட்டு ஒன்றையொன்று தொட்டால், வேறுபாடு இருக்கிறது என்று சொல்ல அந்தத் தரவு போதாது. கை-ஸ்கொயரிலும் 'நல் ஹைபோதிசிஸ் (null, வேறுபாடு இல்லை என்ற கருதுகோள்) நிரூபிக்கப்பட்டது' என்பது தப்பு. நிராகரிக்க முடியவில்லை என்பதோடு நிறுத்த வேண்டும்.

#11 செல்சுவர்

ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலாரியேட்) எழுதுபவர்களும் இந்த இழையைப் படிப்பார்கள் என்பதால். 2025 முதல் தாள் 3 இல்லை. தாள் 3 பெட்டி கேட்கும் கால்குலேட்டர் பழைய பாடத்திட்டத்துக்கானது. இப்போது தாள் 1 (1ஏ, 1பி சேர்த்து) 36 சதவீதம், தாள் 2-க்கு 44, ஐஏ-வுக்கு (பள்ளியில் ஆசிரியர் மதிப்பிடும் ஆய்வு) 20. ஹையர் லெவலில் தாள் 1 மொத்தம் 75 மார்க், தாள் 2-க்கு 80, ஐஏ 24. ஸ்டாண்டர்டில் 55, 50, 24.

ஹையரில் 52, 51, 18 வாங்கினால்: 24.96 + 28.05 + 15 = 68.01.

சறுக்கும் இடம் ஐஏ. ஆசிரியர் போட்ட 18 இறுதி அல்ல, வெளியே மாடரேஷன் (மறுமதிப்பீடு) உண்டு. அது 15-ஆக இறங்கினால் ஐஏ பங்கு 12.5, மொத்தம் 65.51. எல்லை 67-இல் இருந்தால் கிரேடு போயிற்று. ஐஏ-வை இரண்டு மூன்று மார்க் குறைத்துப் போட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

#12 பச்சையம்

எல்லாவற்றையும் பார்த்தால் எக்செல்லில் சொந்தமாகச் செய்துகொள்வதே மேல் போலிருக்கிறது. யாராவது அமைப்பைச் சொல்ல முடியுமா? ஐஜிசிஎஸ்இ (கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்பு நிலைத் தேர்வு) எழுதும் தம்பிக்கும் அதே கோப்பு பயன்பட வேண்டும்.

#13 கணக்குப்பிள்ளை

தாராளமாக. நான்கு நெடுவரிசை போதும்: தாளின் முழு மார்க், வாங்கிய மார்க், பெருக்கும் காரணி, பெருக்கிய மார்க். காரணிக்கு ஒரே சூத்திரம்தான். தாளின் வெயிட்டேஜை மொத்தத்தால் பெருக்கி, தாளின் முழு மார்க்கால் வகுக்கவும்.

ஐஜிசிஎஸ்இ பயாலஜி 0610, எக்ஸ்டெண்டட் (உயர் நிலை) என்று வைத்துக்கொண்டால் தாள் 2-க்கு 30 சதவீதம், தாள் 4-க்கு 50, செய்முறைக்கு (தாள் 5 அல்லது 6) 20. மொத்தம் 200. காரணிகள் முறையே 1.5, 1.25, 1. தம்பி 22, 64, 36 வாங்கினால் 33 + 80 + 36 = 149. நேராகக் கூட்டினால் 160-க்கு 122, அதாவது 76.25 சதவீதம். சரியான கணக்கில் 74.5. கொள்குறித் தாளில் பலவீனமானவருக்கு நேர்க்கூட்டல் இப்படித்தான் பொய் நம்பிக்கை தரும், ஏனென்றால் அங்கே ஒரு மார்க் ஒன்றரையாக எண்ணப்படுகிறது. கோர் (அடிப்படை நிலை) எழுதுபவருக்குத் தாள் 1, 3 என்று மாறும், கிரேடும் சி-க்கு மேலே போகாது.

கோப்பில் கெட்டுப்போகும் இடங்கள்:

மார்க்கை 12/24 என்று ஒரே கட்டத்தில் அடித்தால் எக்செல் அதைத் தேதியாக்கிவிடக்கூடும். வாங்கியதும் முழு மார்க்கும் தனித்தனிக் கட்டத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு தாளையும் முழு எண்ணாக்கிவிட்டுக் கூட்டாதீர்கள். கூட்டிய பிறகு ஒரே முறை முழு எண்ணாக்குங்கள்.

கிரேடைத் தேட வீலுக்கப் (VLOOKUP, பட்டியலில் மதிப்பைத் தேடும் எக்செல் சூத்திரம்) போட்டால் எல்லைப் பட்டியல் சிறியதிலிருந்து பெரியதாக இருக்க வேண்டும், கடைசி மதிப்பு 'ட்ரூ' என்று இருக்க வேண்டும். த்ரெஷோல்ட் கோப்பில் ஏ ஸ்டாரிலிருந்து இறங்குவரிசையில் இருக்கும். அப்படியே ஒட்டினால் கிரேடு கண்டபடி வரும். பூஜ்யத்துக்கு நேராக யூ (கிரேடு இல்லை) என்று ஒரு வரி சேர்க்க மறந்தால் குறைந்த மார்க்குக்குப் பிழைச் செய்தி காட்டும்.

எல்லைகளை ஒரே தொடரோடு நிறுத்தாமல் கடைசி மூன்று நான்கு தொடர்களுக்குப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். 170 என்பது நான்கிலும் பி என்றால் ஒரு பொருள். இரண்டில் ஏ, இரண்டில் பி என்றால் வேறு பொருள்.

#14 நியூக்ளியஸ்

தேர்வு எழுதி முடித்த அன்றே 'இந்தத் தொடரின் எல்லை' என்று போடும் தளங்களும் இருக்கின்றனவே?

#15 விடைத்தாள்

அது கணிப்பு. எல்லை முடிவாவது விடைத்தாள்கள் திருத்தப்பட்ட பிறகு, தாள் எவ்வளவு கடினமாக இருந்தது என்பதைத் தேர்வாளர்களின் மதிப்பீடும் மார்க் புள்ளிவிவரமும் வைத்துப் பார்த்துத்தான். 'இந்த முறை தாள் கஷ்டம், எல்லை இறங்கும்' என்று மன்றங்களில் எழுதுவதைக் கால்குலேட்டர் தளங்கள் எடுத்து எண்ணாக்கிப் போடுகின்றன. அந்தக் கட்டத்தில் கோப்பில் போன தொடர்களின் எல்லையே இருக்கட்டும்.

#16 பச்சையம்

கோப்பு தயார். காரணிகள் 1, 1, 0.75, 1, 1. நான்கு தொடரின் எல்லைகளை ஏறுவரிசையில் ஒட்டியாயிற்று. தாள் 4 வேறொருவர் திருத்தி வந்ததில் 58 இப்போது 53. மொத்தம் 164.75.

#17 அரைமார்க்

அஞ்சு மார்க் எங்க போச்சுன்னு வினா வாரியா எழுதி வைங்க. ஒரே மாதிரி இடத்துல போயிருந்தா தாள் 2-லயும் அதே இடத்துல போயிருக்கும், அந்த 38-ஐயும் மறுபடி பாக்கணும்.